இம்பாலாக் கதவு

அந்த ஆட்டை விரட்டாதீங்க அண்ணாச்சி. அது ஒண்ணும் செய்யாது. போன் வருமான்னு பாத்துக்கிட்டு நிக்குது, அம்புட்டுத்தான்.

சிரிக்கீக. சிரிங்க, எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாக. இந்த நாற்காலியில உக்காருங்க. மகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேணும்னு சொன்னீகள்லா? வண்டி இருக்கு. சங்கரன்கோவில் வட்டாரத்துல மயில் வண்டி எங்கன்னு கேட்டா பச்சப்புள்ள கூட வழி சொல்லும். தேதி பாக்குறது எங்க வீட்டுக்காரி ஆவுடை. கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க முடியாது. ஆறு மணிக்கு போன் வரும். இங்கனதான் சிக்னல் இருக்கு.

அமெரிக்காவுல இருந்து வரும். எனக்கில்ல. ஆட்டுக்கு.

ஐயோ, நான் குடிக்கிற ஆளே கிடையாது அண்ணாச்சி. நல்லாப் பாருங்க, ஒரு ஆடாவது மேயுதா? எல்லாம் இந்தத் திண்டு மேல இருக்கிற போனையே பாத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு வாரமா போன் இல்ல. அதான் அதுகளுக்கு மொகமே சரியில்ல. இன்னைக்கு வரும். வரணும். ஒவ்வொரு ஆடாத் தூக்கிக் கொட்டகைக்குள்ள விட்டு என் இடுப்பு கழண்டு போச்சு. என் இடுப்புக்காகத்தான் சொல்லுதேன், வேற ஒண்ணும் இல்ல. அந்த ஆள் மேல எனக்கு ரொம்பக் கோவம். இன்னைக்கும் கோவந்தான். முதல்ல இருந்து சொல்லுதேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

வண்டி இம்பாலா. ஐம்பத்தொம்பது மாடல், அமெரிக்காவுல செஞ்சது. கப்பல்ல பம்பாய்க்கு வந்து, ஒரு பருத்தி ஏவாரிகிட்ட இருந்து, பிறகு சினிமாக் கம்பெனியில வில்லன் ஏறுற வண்டியா இருந்து, பிறகு மலையில எஸ்டேட்டு வச்சிருந்த ஒருத்தர்கிட்ட வந்துச்சு. அவரு போன பிறகு தென்காசிப் பக்கம் ஒரு செட்டுல கிடந்துச்சு. நான் போய்ப் பாக்கும்போது டிரைவர் சீட்டுல ஒரு கோழி அடை உக்காந்திருக்கு. எறங்க மாட்டேங்குது. கோழியையும் சேத்துத்தான் வாங்கிட்டு வந்தேன்.

அப்ப வண்டி எப்படி இருந்துச்சுங்கீக! ஒண்ணுக்கும் ஆகாது. நீட்டமா, தட்டையா, ஸ்டியரிங் எடது பக்கம், பின்னால ரெண்டு ரெக்கை. ஒரு குடும்பமே ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டா உள்ள யாரு இருக்கான்னு வெளிய தெரியாது. நீங்களே சொல்லுங்க, மாப்பிள்ளையை ஊருக்குக் காட்டத்தானே அழைப்பு? ஒளிச்சு வைக்கவா?

முதல்ல கூரையை அறுத்தேன். ஆரோக்கியம்னு ஒரு வெல்டிங்காரரு, புளியங்குடி ரோட்டுல பட்டறை வச்சிருக்காரு. 'நல்லா யோசிச்சுக்கிடுங்க, அறுத்தா அறுத்ததுதான்'னு ரெண்டு மட்டம் சொன்னாரு. நீ அறுய்யான்னேன். கூரை போன பிறகு வண்டிக்குள்ள என்னா வெளிச்சம்! அப்புறம் கதவு நாலையும் கழட்டினேன். மாப்பிள்ளைக்குக் கால் வரைக்கும் தெரியணும்லா? பொண்ணு வீட்ல எடுத்துக் குடுத்த செருப்பு வெளிய தெரியலன்னு ஒரு கல்யாணத்துல சம்பந்திமார் பேச்சை முறிச்சிருக்காக. சீட்டை எடுத்துட்டு நாடகக் கம்பெனி சிம்மாசனம் ஒண்ணைத் தூக்கி வச்சேன், ரெண்டு கைப்பிடியிலயும் சிங்கம். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாத்தியாச்சு. பழைய ஸ்டியரிங் அடுக்களையில கிடக்கு. அது மேலதான் தண்ணி அண்டாவை வச்சிருக்கா ஆவுடை.

அந்த ரெக்கை இருக்கே, அது நடுத்தெருவுல ஒரு தவில்காரர் வேட்டியை மாட்டி இழுத்துருச்சு அண்ணாச்சி. பாவம், ரெண்டு கையும் தவில்ல இருக்கு, மனுசன் எதைப் பிடிப்பாரு? அன்னைக்கே ரெக்கையை அறுத்துட்டேன். அந்த இடத்துல மயில் தோகை. சீரியல் பல்பு போட்டு, சுவிட்சைத் தட்டினா விரியும், இன்னொரு தட்டு தட்டினா சுருங்கும். முன்னால மயில் கழுத்து. ஆரனும் மயில் அகவுற சத்தந்தான். கழுகுமலையில ஒரு தடவை இந்த ஆரனைக் கேட்டு நெசமான மயிலே ரெண்டு வந்து வண்டி முன்னால நின்னுக்கிட்டு வழி விடல. அதையெல்லாம் யாரும் பாராட்ட மாட்டாங்க.

இஞ்சின், எட்டு சிலிண்டர். வீட்ல இருந்து பெட்ரோல் பங்க் போய்ச் சேருறதுக்குள்ள இருக்கிறதைக் குடிச்சு முடிச்சிரும். மாப்பிள்ளை ஊர்வலம் நாதஸ்வரக்காரர் நடக்குற வேகத்துல போகணும், அதுக்கு எதுக்கு எட்டு? எங்க தோட்டத்துக்குக் கரண்டு மோட்டார் வந்த பிறகு டீசல் பம்புசெட் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதைத் தூக்கி மாட்டினேன். டுக்கு டுக்கு டுக்குன்னு ஒரே சீரா ஓடும். அதே தவில்காரர் முதல்ல முறைச்சாரு. பிறகு அந்தச் சத்தத்தையே தாளமா வச்சுக்கிட்டாரு. இப்ப வேற வண்டிக்கு வாசிக்கச் சொன்னா அவருக்குக் கை வரமாட்டேங்குதாம்.

ஆங், ரிவர்ஸ் கியர் கிடையாது. இப்பவே சொல்லிருதேன். வேணும்னுதான் எடுத்தேன். ஒரு தடவை முக்குல திருப்ப முடியாம டிரைவர் மாப்பிள்ளையோட ரெண்டடி பின்னால போயிட்டான். பொண்ணோட அத்தை பாத்துட்டா. 'அழைச்சுட்டு வர்ற மாப்பிள்ளை பின்னால போறாரே, என்ன சகுனம்டா இது'ன்னு மண்டபத்துல ஒரே ஒப்பாரி. அன்னையோட முடிவு பண்ணிட்டேன், என் வண்டியில ஏறின மாப்பிள்ளை பின்னால போக மாட்டாரு. அவசரம்னா ஆறு பேரு சேந்து பின்னால தள்ளிக்கிடலாம். தள்ளுனா சகுனத்துல சேராதுன்னு அந்த அத்தையே ஒத்துக்கிட்டா.

சரி, கதவுக்கு வாரேன். மூணு கதவு பழைய இரும்புக்குப் போயிருச்சு. ஒண்ணை மட்டும், டிரைவர் பக்கத்துக் கதவை, ஆட்டுக்கொட்டகைக்கு வச்சேன். வெறுங்கதவை வச்சாப் பூட்டி நிக்காதே. அதனால அது போய் விழுற தூணையும் வண்டியில இருந்தே அறுத்து, ஆரோக்கியம் கொண்டு வந்து நட்டாரு. அறுத்த கூரைதான் கொட்டகைக்கும் கூரை. எங்க ஆடுக இம்பாலாவுக்குள்ளதான் படுத்துக் கிடக்குன்னு வச்சுக்கிடுங்களேன்.

அந்தக் கதவைச் சாத்தினா ஒரு சத்தம் வரும். தகரக் கதவு மாதிரி படார்னு வராது. தொம். பருத்தி மூட்டையை வண்டியில இருந்து கீழ போட்டா வருமே, அந்த மாதிரி. ஆவுடை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சாத்து சாத்திட்டுத் திறந்து விடுவா. அந்த ஒரு தொம்முக்கு எந்தக் காட்டுல நின்னாலும் ஆடுக வந்துரும், வரிசையா உள்ள போயிரும். யாரும் பழக்கல. அதுகளாப் பழகிருச்சு.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் அந்த ஆள் வாரான். வாராரு.

ஆவுடையோட அக்கா மக நித்யகல்யாணி, கால் சென்டர்ல இங்கிலீசுல பேசுற வேலை. நம்ம வண்டி படத்தை அவதான் கம்ப்யூட்டர்ல போட்டா. அமெரிக்காவுல ஒருத்தரு பாத்துட்டு, இரும்புல கம்பெனி அடிச்சிருக்கிற நம்பர் என்னன்னு கேட்டிருக்காரு. இவ அதையும் படம் பிடிச்சு அனுப்பிட்டா. பதில் வருது, 'அது எங்க அப்பா கார், பழைய காயிதத்துல இதே நம்பர்தான் இருக்கு'ன்னு. பாகம் கேட்டு வாராரோன்னு நினைச்சேன்.

வந்தாரு. எழுபது வயசுக்கு மேல இருக்கும். ஒல்லியா, நெட்டையா, வெயில்ல செவந்து போய் நின்னாரு. வெர்னன்னு பேரு. ஆவுடைக்கு அது வாயில நுழையல, வேலண்ணன்னு கூப்பிட்டா. அவரும் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பேரே நின்னுட்டு. நித்யாதான் ரெண்டு பக்கமும் சொல்லிச் சொல்லிக் குடுத்தா. அவளுக்கு ஆபீஸ் பழக்கம், நம்ம பக்கம் திரும்புறதுக்கு முன்னால 'கொஞ்சம் காத்திருங்க, உங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு இங்கிலீசுல சொல்லிட்டுத்தான் திரும்புவா. அந்த மனுசனும் எதுத்தாப்புல நின்னுக்கிட்டே காத்திருப்பாரு.

நான் சும்மா காட்டுவனா? வாசல்ல பந்தல் போட்டு, வண்டியைத் தார்ப்பாய் வச்சு மூடி, தவில்காரரை வரச் சொல்லி, ஆவுடையை ஆரத்தி எடுக்கச் சொல்லி, தார்ப்பாயை ஒரே இழுப்பா இழுத்தேன். இஞ்சின் டுக்கு டுக்குங்குது. தோகை விரியுது. மயில் அகவுது. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. வேலண்ணன் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. இன்னொரு ரவுண்டு வந்தாரு. பிறகு நித்யாகிட்ட மெதுவா என்னமோ கேட்டாரு. என்ன சொல்லுதாருன்னேன். 'ரொம்பப் பிரமாதம்னு சொல்லுதாரு சித்தப்பா'ன்னா.

அவரு ஊருக்குப் போன பிறகுதான் உண்மையைச் சொன்னா. அன்னைக்கு அவரு கேட்டது என்ன தெரியுமா?

'கார் எங்க?'

என் காருக்கு முன்னால நின்னுக்கிட்டு கார் எங்கன்னு கேட்டிருக்காரு! இதுக்கு மேல ஒரு மனுசனை என்ன அவமானப்படுத்த முடியும், நீங்களே சொல்லுங்க.

அது தெரியாம நான், வாங்க வாங்கன்னு தலைப்பா கட்டி, மாலை போட்டு, சிம்மாசனத்துல ஏத்தி, நாலு தெருவும் கூட்டிட்டுப் போனேன். சனம் கூடிட்டு. பொண்ணு யாருன்னு கேக்காங்க. வடக்குத் தெருவுல ஒரு கிழவி அரிசி போட்டு ஆசீர்வாதமே பண்ணிட்டா. அவரு சிங்கத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எல்லாருக்கும் தலையை ஆட்டுனாரு. முட்டுச்சந்துல போய் மாட்டி, ஆறு பேரு தள்ளிப் பின்னால கொண்டு வந்தோம். அவரு இறங்கித் தள்ள வந்தாரு. மாப்பிள்ளை தள்ளக் கூடாதுன்னு உக்கார வச்சிட்டோம்.

வீட்டு வாசல்ல வந்து இறங்கும்போது ஒண்ணு நடந்துச்சு. மனுசன் கையை நீட்டி, அந்தரத்துல எதையோ தடவுறாரு. என்ன தேடுதாருன்னு பாத்தா, கதவைத் திறக்கப் பாக்காரு. கதவுதான் இல்லையே. கை அப்படியே நின்னு போச்சு. பிறகு நித்யாகிட்ட கேக்காரு, கதவெல்லாம் என்ன ஆச்சுன்னு. எடுத்தாச்சு, இனிமே இடைஞ்சலே கிடையாதுன்னு சொல்லும்மான்னேன், பெருமையா. அவ சொன்னா. அவரு போய் வேப்பமரத்தடியில உக்காந்துட்டாரு. ஊர்வலம் போன களைப்புன்னு நினைச்சேன். எங்க மாப்பிள்ளைமார் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆவுடை காப்பி கொண்டு போய்க் குடுத்தா. மணி ஆறு. வழக்கம் போல போய்க் கொட்டகைக் கதவை ஒரு சாத்து சாத்தினா.

தொம்.

டம்ளர் கீழ விழுந்துட்டு அண்ணாச்சி. எந்திரிச்சாரு, ஓடுதாரு. அந்தப் பக்கம் ஆடுக ஓடி வருது, இந்தப் பக்கம் இவரு ஓடுதாரு, கழுத்துல மாலையோட. ஆட்டோட ஆடா நெருக்கி உள்ள போயிட்டாரு. நாங்க போய்ப் பாத்தா, கதவைத் தடவுறாரு, திறக்காரு, சாத்துதாரு. தொம். திறக்காரு, சாத்துதாரு. தொம். ஆடுகளுக்குக் குழப்பம், உள்ள வாரதா வெளிய போறதான்னு தெரியாம கிறங்கிப் போச்சு. அவரு கண்ணுல இருந்து தண்ணி ஒழுகுது. ஆட்டு மூத்திர நெடி பழக்கமில்லாதவங்களுக்குக் கண்ணை எரிக்கும். வெளிய வாங்கய்யா, கண்ணுக்கு ஆகாதுன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். வரல.

நித்யா கேட்டுச் சொன்னா. இவுக அப்பா தெனம் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல காரை நிப்பாட்டி, இறங்கிக் கதவைச் சாத்துவாராம். அந்தச் சத்தம் கேட்டா, தெருவுல விளையாடுற இவரும் அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் போட்டது போட்டபடி வீட்டுக்குள்ள ஓடிருவாகளாம். இவரு பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போயிட்டாரு. அம்மா காரை வித்துட்டாக. அறுபது வருசமா அந்தச் சத்தம் எங்கயும் கேக்கலியாம். எங்க ஆட்டுக்கொட்டகையிலதான் கேட்டாராம்.

சரி, மனசு கஷ்டந்தான். நானும் அப்பா இல்லாதவந்தான், எனக்குத் தெரியாதா? ஒரு பேச்சுக்கு, வேணும்னா வண்டியவே கொண்டு போங்கன்னு சொன்னேன். மயில், சிம்மாசனம், எல்லாம் சேத்து. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? வண்டி வேண்டாமாம். கதவு மட்டும் போதுமாம்!

எவ்வளவு கோவம் வரும்? ஒருத்தன் ராவும் பகலும் இழைச்சு இழைச்சு ஒண்ணைச் செஞ்சு வச்சிருக்கான், அதை விட்டுட்டு ஆடு ஒண்ணுக்குப் போற எடத்துல மாட்டின கதவைக் கேட்டா? முடியாதுன்னுட்டேன். கதவைக் குடுத்தா என் ஆட்டுக்கு என்ன வழின்னேன். அப்பத்தான் ஆவுடை குறுக்க வந்தா. 'அது அவுக அப்பா வீட்டுக்கு வர்ற சத்தம். அது நம்ம வீட்ல எதுக்கு? குடுத்துருங்க'ன்னா. சொன்னதோட நிக்காம ஸ்பேனரையும் அவளே எடுத்துட்டு வந்துட்டா. நான் என்ன செய்ய?

ஆரோக்கியம் வந்து தூணோட பேத்து எடுத்தாரு. என் வேட்டி ரெண்டைச் சுத்திக் கட்டினோம். மதுரைக்கு ரயில்ல போகும்போது தன் பெர்த்துல கதவைப் படுக்க வச்சுட்டு அவரு உக்காந்துட்டே போனாராம். ஏர்போர்ட்ல என்னன்னு கேட்டாகளாம், கதவுன்னாராம். எதோட கதவுன்னு கேட்டாகளாம்.

அவரு நிம்மதியாப் போயிட்டாரு. இங்க என்ன ஆச்சு? ஆடு அடைய மாட்டேங்குது. தகரக் கதவு போட்டேன், படார்னு ஒரு சத்தம், நாலு ஆடு காட்டுக்குள்ள ஓடிருச்சு. மரக் கதவு போட்டேன், திரும்பிக் கூடப் பாக்கல. ஆவுடை 'தொம்'னு வாயாலயே சொல்லிப் பாத்தா. நானும் சொல்லிப் பாத்தேன். ரோட்டுல போறவங்க நின்னு வேடிக்கை பாத்தாங்க. ஒண்ணும் ஆகல. அதுகளுக்கு ஆள் வரணும், அவ்வளவுதான்.

அப்படியே கொஞ்ச நாள் போச்சு. ஒருநா சாயங்காலம் இதே இடத்துல ஆட்டுக்கு நடுவுல நிக்கேன், அவருகிட்ட இருந்து போன். தோட்டத்துல தூணை நட்டுக் கதவை மாட்டிட்டாராம். வீடு இல்ல, காரு இல்ல, சுவரு இல்ல. சும்மா புல்லுத்தரையில ஒத்தைக் கதவு நிக்குது, வீடியோவுல காட்டுதாரு. காட்டிட்டு, என்னமோ சொல்லிட்டு, சாத்தினாரு பாருங்க. தொம்.

செவலை திரும்பிப் பாத்துச்சு. இந்தா நிக்கே, இதான் செவலை, எல்லாத்துக்கும் மூத்தது. பாத்துட்டு நேரா உள்ள போயிட்டு. பின்னாலயே குட்டச்சி, கொம்பி, எல்லாம் வரிசையாப் போகுது. நான் போனைத் திருப்பிக் காட்டினேன். அங்க அவரு சிரிக்காரு, கண்ணைத் துடைக்காரு. அங்க மூத்திர நெடி கிடையாது, என்னத்துக்குத் துடைச்சாருன்னு தெரியல.

அன்னையில இருந்து தெனம் ஆறு மணிக்குப் போன். அங்க அப்பத்தான் விடியுமாம். பல்லு வெளக்குறதுக்கு முன்னால பனியில வந்து நின்னு சாத்துவாரு. பக்கத்து வீட்டுக்காரங்க மொதல்ல சண்டைக்கு வந்தாகளாம். இந்தியாவுல ஆடு அடையணும்னு சொன்ன பிறகு சண்டையை விட்டுட்டாகளாம். அவருக்கு ஒவ்வொரு ஆட்டுப் பேரும் தெரியும். குட்டி போட்டாச் சொல்லணும், இல்லன்னா வருத்தப்படுவாரு. நித்யா லைன்ல இல்லாத அன்னைக்கு அவரு பாட்டுக்கு இங்கிலீசுல பேசுவாரு, நான் பாட்டுக்குத் தமிழ்ல பேசுவேன். வண்டி எந்தக் கல்யாணத்துக்குப் போச்சு, ஆவுடைக்கு மூட்டு வலி, மழை இல்ல, எல்லாம் சொல்லுவேன். கேட்டுக்கிடுவாரு. கடைசியில அவரு 'ஓகே'ம்பாரு. நான் 'ஓகே வேலண்ணே'ம்பேன். அம்புட்டுத்தான். எனக்கென்ன அவருகிட்ட பேச்சு? ஆடு அடையணும்லா, அதுக்குத்தான்.

என்ன கேக்கீக? அந்தச் சத்தத்தை ஒரு தடவை போன்ல பதிவு பண்ணி வச்சுக்கிட்டா என்னன்னா? நீங்களும் அதையே கேக்கீகளா! நித்யா முதல் வாரமே பண்ணிட்டா. ஆவுடை போன்ல ஏத்தியும் குடுத்தா. நான்தான் கூடாதுன்னுட்டேன். ஆடுன்னா மூளை இல்லாததா? நெசமா ஒருத்தர் வந்து சாத்துறதுக்கும் பொட்டியில அடைச்சு வச்ச சத்தத்துக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதா? ஒரு தடவை ஏமாத்திட்டா பிறகு நெசச் சத்தத்தையும் நம்பாது.

போட்டுப் பாத்தேனான்னா கேக்கீக? அதெதுக்குப் போட்டுப் பாக்கணும்? ஆடு வளக்குறவன் நான், எனக்குத் தெரியாதா?

ரெண்டு வாரத்துக்கு முன்னால பேசும்போது நெஞ்சுல ஆபரேசன்னு சொன்னாரு. நித்யா லைன்ல இருந்தா. ஆஸ்பத்திரியில கதவை உள்ள விட மாட்டேன்னுட்டாங்களாம், அதையும் கேட்டுப் பாத்திருக்காரு மனுசன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துருவேன், வந்த உடனே முதல் வேலை அதான், ஆடுககிட்ட சொல்லிருங்கன்னாரு. நானும் சொல்லிட்டேன். அந்த வெள்ளி போயிட்டு. அடுத்த வெள்ளியும் போயிட்டு. நித்யா அவரு நம்பருக்கு அடிச்சா மணி போகுது, எடுக்க ஆளில்ல. ஒரு மக உண்டு, வேற ஊர்ல. அவ நம்பர் எங்ககிட்ட இல்ல. நோவு தீரும்னு சங்கரன்கோவில் புத்துமண்ணு எடுத்து ஆவுடை ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கா. எந்த விலாசத்துக்கு அனுப்ப? இதெல்லாம் ஒரு பொறுப்பா? சொன்னாச் சொன்ன நாளுக்கு வரணும்லா? நான் ஒரு மாப்பிள்ளைக்காவது நேரம் தப்பி வண்டி கொண்டு போயிருக்கேனா?

கார் எங்கன்னு கேட்டாரே, அதுக்கு என்னைக்காவது ஒருநா நல்லாக் கேட்டு விடணும்னு வச்சிருக்கேன். கேக்காம விட மாட்டேன். அதுக்காவது அவரு பேசணும்.

மணி என்ன அண்ணாச்சி? ஆறேகாலா? உங்க கடியாரம் கொஞ்சம் முந்தி ஓடும் போல.

வா ஆவுடை. இவுக மகன் கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வந்திருக்காக. என்ன பாக்க? இல்ல, இன்னும் வரல. வரும். ஆபரேசன் பண்ணின ஆளு, மெதுவாத்தான எந்திரிச்சு நடந்து வரணும்? தோட்டம் வேற தூரம். நீ போய்க் காப்பி போடு. எதுக்கு இப்ப உன் போனை எடுக்க? ஏட்டி, வேண்டாம். வேண்டாம்னு சொல்லுதேன்லா. அதுக ஏமாறாது ஆவுடை, மெரண்டு ஓடிரும், பிறகு இருட்டுல யாரு போய்த் தேட...

கேட்டீகளா அண்ணாச்சி? இதான் அந்தச் சத்தம். தொம்.

ஏ செவலை. ஏய், எங்க போற? செவலை, நில்லு, அது அவரு இல்ல.

குட்டச்சியும் போறா பாருங்க. கொம்பியும். எல்லாம் உள்ள போயிட்டு.

ஆடுதானே அண்ணாச்சி. அதுக்கு என்ன தெரியும்? சத்தம் வந்தாப் போதும், ஆளே வந்தாச்சுன்னு நினைச்சுக்கிடும்.

நீங்க உள்ள போங்க. தேதியை ஆவுடைகிட்ட சொல்லிருங்க, தோகைக்கு என்ன கலர் பல்புன்னும் சொல்லிருங்க. நான் கொஞ்ச நேரம் இங்கன நிக்கேன். உள்ள சிக்னல் கிடைக்காது.